முதல் ஆட்டத்துக்கு வாள்காரியை எடுங்கள்

என்னை முதலில் கொன்றது ஒரு எலி. கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் இருந்த எலிதான், ஆனால் பூனை அளவு இருந்தது. ஒரு தானியக் கிடங்கின் மூலையிலிருந்து ஓடிவந்து கெண்டைக்காலைக் கவ்வியது. நான் அப்போது நீல அங்கி போட்ட, வெள்ளைத் தாடிக் கிழவனாக இருந்தேன். கையில் ஒரு தடி. ஒரு கடி, இன்னொரு கடி. கிழவன் தொண்டைக்குள் ஒரு சத்தம் போட்டு மல்லாந்தான். அவனுக்குக் கீழே சிவப்பாகக் குட்டை பரவியது. திரை இருட்டாகிவிட்டது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள் சிரித்தாள். புருஷன் வீட்டிலிருந்து வந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. இந்தச் சிரிப்புக்காக இன்னொரு முறை எலியிடம் சாகலாம் என்று தோன்றியது. செத்தேன்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். இங்கிலீஷ் தெரியாது. நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. கல்யாண வீட்டுக்குப் போனால்கூடச் சமையல்கட்டு வழியாக நுழைந்து அந்த வழியாகவே வந்துவிடுவேன். அப்படிப்பட்ட நான் அறுபத்தாறு வயதில் வாள், மந்திரம், பூதம் என்று இருக்கிற ஒரு பழைய விளையாட்டை முழுவதும் ஆடி முடித்தேன். யாராவது முன்னாலேயே நாலு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனை தடவை செத்திருக்க மாட்டேன். அந்த நாலு வார்த்தையை உங்களுக்குச் சொல்கிறேன். ஆனால் எதற்காக ஆட உட்கார்ந்தேன் என்பதை விட்டுவிட்டு ஆட்டத்தை மட்டும் சொல்ல எனக்கு வராது.

எங்கள் வீடு ஆட்டையாம்பட்டியில். வீட்டை ஒட்டியே விசைத்தறிக் கொட்டகை. என் வீட்டுக்காரர் போன பிறகு தறிகளை வாடகைக்கு விட்டுவிட்டேன். காலையில் ஓட ஆரம்பித்தால் சுவரில் மாட்டிய சாமி படமெல்லாம் அதிரும். ஒரே மகள். ராசிபுரம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். மாப்பிள்ளைக்கு நூல் வியாபாரம். குழந்தை இல்லை.

அவள் வந்தது ஒரு மத்தியானம். டவுன் பஸ்ஸிலிருந்து தனியாக இறங்கி நடந்து வந்தாள். வலது கையில் விரலிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டு. இடது தோளில் ஒரு பை. பையில் இரண்டு சேலையும் பழைய லேப்டாப்பும்.

"என்ன சாமி இது?" என்றேன். மகளை அப்படித்தான் கூப்பிடுவேன்.

"வழுக்கி உழுந்துட்டேன்" என்றாள். அவ்வளவுதான். சோறு போட்டேன். பிசைந்து ஊட்டினேன். சின்னக் குழந்தை மாதிரி வாயைத் திறந்தாளே தவிர என் முகத்தைப் பார்க்கவில்லை.

ரெண்டொரு நாள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். பிறகு லேப்டாப்பைத் திறந்தாள். திருச்செங்கோடு பக்கம் காலேஜ் ஹாஸ்டலில் இருந்த காலத்தில் சிநேகிதிகளோடு ஆடிய விளையாட்டாம். இடது கையால் மவுஸைப் பிடித்துப் பார்த்தாள். சரிப்படவில்லை.

"எதிராளிய வெட்டச் சொன்னா கூட நிக்கறவனை வெட்டறேன். அம்மா, உன்ற கையக் குடு."

"எனக்கென்ன சாமி தெரியும்?"

"தறியில அறுந்த இழைய முடியறயல்ல? அந்தக் கைதான் வேணும். நாஞ் சொல்ற எடத்துல அமுக்கு, போதும்."

இப்படித்தான் ஆரம்பித்தது. அவளுடைய இடது கை பெரிய நீள பட்டன் மேல். அதை அமுக்கினால் சண்டை அப்படியே நின்றுபோகும். ஓங்கின கோடாரி ஓங்கினபடி, பறக்கிற அம்பு அந்தரத்தில். என்னுடைய வலது கை மவுஸ் மேல். நின்ற நேரத்தில் யார் யாரை வெட்டுவது என்று நான் அமுக்க வேண்டும். மறுபடி அவள் தட்டினால் எல்லாம் ஒரே சமயத்தில் நடக்கும். முதல் முறை ஆடுகிறவர்கள் இந்த நிறுத்துகிற பட்டனை வெட்கப்படாமல் அமுக்குங்கள். வெறி பிடித்த நாய் நம்மேல் பாய்கிறபோது அந்தரத்தில் நிறுத்தி யோசிக்கிற வசதி வேறெங்கே கிடைக்கும்?

ஆட்டம் தொடங்கும்போது நாம் யார் என்று தேர்ந்தெடுக்கச் சொல்லும். நான் முதலில் மந்திரவாதியை எடுத்தேன். தாடியைப் பார்த்து மரியாதை. அது பெரிய தப்பு. முதல் நிலையில் மந்திரவாதிக்கு உயிர் நாலு புள்ளி. எலி கடித்தாலே போய்விடும். கையிலிருந்து நெருப்பு வரும் என்பார்கள். ஒரு தடவை வரும். அப்புறம் படுத்துத் தூங்கி எழுந்தால்தான் மறுபடி வரும். நடுவில் வெறுங்கையோடு நின்று சாக வேண்டியதுதான். மந்திரவாதி கூட வரட்டும். நாமே மந்திரவாதியாக இருக்க வேண்டாம்.

"திருடி ஆகறயா? பூட்டுத் திறக்கலாம், பொறி இருந்தாக் கண்டுபுடிக்கலாம்" என்றாள் மகள்.

"ஏஞ்சாமி, நம்மூட்ல திருடியா?"

"கம்ப்யூட்டருக்குள்ளம்மா."

"எதுக்குள்ளயா இருந்தா என்ன?"

திருடனைக் கூடவும் சேர்க்கவில்லை. ஒரு சுரங்கத்தில் பெட்டியைத் திறந்தேன். பொறி வெடித்தது. கூட வந்த பூசாரியின் உடம்பு சதைத் துண்டுகளாகச் சிதறிச் சுவரில் ஒட்டியது. இந்தப் பழைய ஆட்டங்களில் ஓர் ஆள் சாதாரணமாகச் செத்தால் கோயிலுக்குத் தூக்கிப்போய் எழுப்பலாம். அப்படிச் சிதறிப்போனால் எழுப்ப முடியாது. நல்ல பூசாரி அவர். அடிபட்டவர்களைக் கையை வைத்தே ஆற்றுவார். என்னுடைய கௌரவத்துக்காகச் சிதறினார். ஆகையால் சொல்கிறேன், நம்மோடு சேர்த்து ஆறு பேர் போகலாம், அதில் ஒருவன் திருடன், ஒருவர் பூசாரி. இந்த இரண்டும் இல்லாமல் சுரங்கத்துக்குள் இறங்காதீர்கள்.

கடைசியில் வாள்காரி ஆனேன். முதல் ஆட்டத்துக்கு இதுதான் சரி. ஆரம்பத்தில் எண்கள் வரும், பகடை போல. பிடிக்காவிட்டால் மறுபடி உருட்டலாம். வாள்காரிக்கு உடல்பலமும் தாங்குகிற சக்தியும் கூடுதலாக வரும்வரை உருட்டுங்கள். படிப்பு எண் குறைவாக இருந்தால் பரவாயில்லை. கவசத்தின் எண் மட்டும் குழப்பும். பழைய ஆட்டங்களில் அது குறையக் குறைய நல்லது. நூலில் நம்பர் ஏற ஏற இழை மெலிகிறதல்லவா, அந்த மாதிரி தலைகீழ்க் கணக்கு. பாதி வாள், பாதி மந்திரம் என்று இரண்டையும் கலந்து ஒரே ஆளுக்குக் கொடுக்கலாம் என்று ஆசை காட்டும். வேண்டாம். தறி பழகாதவனை நாலு தறிக்கு நடுவில் விட்டால் நாலிலும் இழை அறுந்து நிற்கும்.

வாள்காரிக்கு எலி கடித்தால் ரத்தம் வரும், சாகமாட்டாள். அதுதான் அவளிடம் இருக்கிற விசேஷம். நாம் தப்பு செய்தாலும் அடுத்ததைச் செய்ய உயிரோடு இருப்பாள்.

நாய்முகத்தான் என்று ஒரு கூட்டம். ஆள் உயரம், நாய்த் தலை, கையில் நீளக் கோடாரி. அவர்களை ஆற்றுப் பாலத்தின்மேல் வைத்து வெட்டினோம். முதல் ஆளின் தோளில் வாள் இறங்கியது. அவன் ஊளையிட்டுப் பாலத்திலிருந்து கீழே போனான். இரண்டாவது ஆளின் வயிறு. மூன்றாவது ஆள் ஓடினான். முதுகில் அம்பு விட்டோம். பாலமெல்லாம் ரத்தம். எனக்கு மூச்சு வாங்கியது. நான் கோழி அறுக்கிறபோதே வேறு பக்கம் பார்க்கிறவள். ஆனால் அந்த மூன்றாவது ஆளை விடாதே என்று சொன்னது நான்தான், மகள் இல்லை.

சண்டை முடிந்ததும் வாள்காரியை ஆற்றுக்குள் இறக்கி நிறுத்தினேன்.

"என்னம்மா பண்றே?"

"பொணம் தொட்ட தீட்டு. தலைக்கு ஊத்திக்கட்டும்."

மகள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். செத்தவர்கள் மேல் இருக்கிற கவசம், வாள், மோதிரம் எதையும் நான் எடுக்கவில்லை. பிணத்தின் மேலிருந்து எடுத்துக் கட்டுவது எங்கள் பக்கத்தில் கிடையாது. சுடுகாட்டில் வேலை செய்கிறவர்களுக்குத்தான் அந்தப் பாத்தியதை. அதனால் ரொம்ப நாள் எங்கள் ஆறு பேரும் நூல் துணியும் மூங்கில் கம்புமாகவே பூதங்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு பூதம் கதாயுதத்தால் அடித்து எங்கள் வில்காரியின் தலையை உடம்புக்குள் இறக்கிய பிறகுதான் மகள் பொறுமை இழந்தாள். "பொணத்துக்கு எதுக்கும்மா இரும்புச் சட்டை? உனக்குத்தான் வேணும்!" நீங்கள் முதல் எலியிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் கேட்க மாட்டார்கள்.

அந்தப் பூதத்தோடு மறுபடி சண்டை போடும்போதுதான் அவள் சொன்னாள். பட்டனை அமுக்கி நிறுத்தினாள். பூதத்தின் கதாயுதம் எங்கள் தலைக்கு மேல் நின்றது. நான் அடுத்து யாரை அமுக்குவது என்று கேட்கத் திரும்பினேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வழுக்கி உழுகலம்மா. கடையில எல்லாரும் இருக்கறப்ப அவரு ஒரு கணக்கத் தப்பாச் சொன்னாரு. நாஞ் சிரிச்சுட்டேன். சும்மாதான். ஊட்டுக்கு வந்ததும் கம்முனுதான் இருந்தாரு. துணி எடுத்து வெக்கலாம்னு பீரோவத் தொறந்தேன். கையப் புடிச்சு ஓரத்துல வெச்சாரு. வெச்சுட்டு, கதவச் சாத்துனாரு. மறுக்காத் தொறந்து, மறுக்காச் சாத்துனாரு."

கொட்டகையில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் சொன்னதில் பாதியை உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். இரும்புப் பீரோ. நாங்கள் கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்தது.

"ஏஞ்சாமி எங்கிட்டச் சொல்லல?"

"பூதத்த அடிம்மா" என்று பட்டனைத் தட்டினாள்.

அடித்தேன். முழங்காலில் ஒன்று, விழுந்ததும் கழுத்தில் ஒன்று. அது செத்த பிறகும் அமுக்கிக்கொண்டே இருந்தேன். செத்த உடம்பை வாள்காரி வெட்டமாட்டேன் என்று சும்மா நின்றாள்.

கட்டுப் பிரிக்க நாள் நெருங்கியபோது என் அண்ணன் மோட்டார் சைக்கிளில் வந்தார். என் வீட்டுக்காரர் போன பிறகு எங்கள் வீட்டில் எதுவும் அவர் சொல்கிறபடிதான். மகளுக்குத் தாய்மாமன். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமலே பேசினார்.

"கட்டுப் பிரிச்சதும் வர்ற ஞாயித்துக்கெழம மாப்பிள்ளையும் அவங்க பெரியப்பாவும் வாராங்க. புள்ளயக் கூட்டிக்கிட்டுப் போறதுக்கு. துணிமணி எடுத்து வெக்கச் சொல்லு."

"ஏனுங்ணா, அவ கை..."

"கை கூடிப்போச்சல்ல? கை கூடுன மாதிரி குடும்பமுங் கூடோணும். நீ எதும் நடுவுல பேசாத."

நான் எங்கே பேசினேன்? வண்டி போன பிறகு உள்ளே வந்தேன். மகள் எல்லாம் கேட்டிருந்தாள்.

"நான் போகோணுமாம்மா?"

"அண்ணன் சொல்லிப்போட்டாரே" என்றேன். அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு இடது கையால் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள்.

என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதைச் சொல்வதற்கு முன் மாட் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆட்டத்தைச் செய்தவர்கள் விட்டுப்போன பிறகு, ஆடுகிறவர்களே செய்து சேர்க்கிற ஒட்டுவேலை அது. ஆயிரக்கணக்கில் இருக்கிறதாம். முதல் முறை ஆடுகிறவர்களுக்கு மூன்று போதும். பழைய தப்புகளைச் சரிசெய்கிற ஒன்று. இந்தக் காலத்து அகலத் திரைக்குப் படத்தைப் பொருத்துகிற ஒன்று. எழுத்தையும் எண்ணையும் பெரிதாக்குகிற ஒன்று. என்னைப் போலக் கண் மங்கினவர்களுக்கு மூன்றாவது இல்லாமல் முடியாது. புது ஊர், புது ஆட்கள், புதுக் கதை என்று சேர்ப்பதெல்லாம் ஒரு தடவை முழுக்க ஆடி முடித்த பிறகு பார்க்கலாம்.

சேர்ப்பதையும் ஆட்டம் தொடங்கும் முன்பே சேர்த்துவிடுங்கள். நாங்கள் பாதி ஆட்டத்தில் ஒரு புதுத் தோழியைச் சேர்த்தோம். சேமித்து வைத்திருந்தது எதுவுமே திறக்கவில்லை. மறுபடி எலியிலிருந்து ஆரம்பித்தோம். மகளுக்குப் புரியவில்லை, எனக்குப் புரிந்தது. பாவு என்கிற நீள இழைகளைத் தறியில் ஏற்றிப் பாதித் துணி நெய்த பிறகு அதில் இழை கூட்ட முடியாது. கூட்ட வேண்டுமென்றால் பாவு ஓட்டும்போதே கூட்ட வேண்டும்.

படத்தை மட்டும் மாற்றுகிற மாட் எப்போது வேண்டுமானாலும் போடலாம். அதனால் ஆட்டம் கெடாது. அவள் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். என்னிடம் சொல்லவில்லை.

அடுத்த நாள் கொள்ளைக்கூட்டத்தின் கோட்டைக்குள் நுழைந்தோம். காவலாளிகளைக் கழுத்தறுத்து, முற்றத்தில் இருந்த ஓநாய்களைக் கொன்று, பெரிய கதவைத் திறந்தோம். உள்ளே கூட்டத்தின் தலைவன். அவன் பேச ஆரம்பித்ததும் திரையின் மூலையில் அவன் முகம் வந்தது. கல்யாண ஆல்பத்தில் இருக்கிற முகம். மாப்பிள்ளை. நெற்றியில் சந்தனம், குங்குமம்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. எங்கள் குடும்பத்தில் மாமியார் மாப்பிள்ளைக்கு எதிரே நிற்பதில்லை. நேருக்கு நேர் பேசுவதில்லை. அவர் வந்தால் கதவுக்குப் பின்னால் போய்விடுவோம். சாப்பாடு எப்படி இருக்கிறது என்று கேட்பதானாலும் மகளிடம் சொல்லி அவள் கேட்பாள். கல்யாணமான நாளிலிருந்து நான் அவரிடம் ஒரு வார்த்தை நேராகப் பேசியதில்லை. அவர் கண் என்ன நிறம் என்றுகூட அந்தத் திரையில்தான் பார்த்தேன்.

மறுபடி உட்கார்ந்தபோது என் கை தானாகவே ஆறு பேரையும் சுவரோரமாக ஒதுக்கி நிறுத்தியது. நடுவில் வழிவிட்டு.

"அம்மா! என்ன பண்றே? அடி!"

"மாப்பிள்ளைய எப்படி சாமி அடிக்கறது?"

"அது பொம்மைம்மா!"

பொம்மை என்று எனக்கும் தெரியும். விரல் அமுக்கவில்லை. அவன் ஈட்டியோடு வந்தான். முதலில் பூசாரியை வயிற்றில் குத்தித் தூக்கி எறிந்தான். வில்காரியை அவனுடைய ஆட்கள் சுற்றி நின்று வெட்டினார்கள். மந்திரவாதி ஒரே அடி. திருடன் கதவுப் பக்கம் ஓடி அங்கே செத்தான். வாள்காரிக்கு உயிர் அதிகம் என்று சொன்னேனல்லவா, அவள் சாகத்தான் ரொம்ப நேரம் ஆயிற்று. கையை ஓங்காமல் நின்றே குத்துப்பட்டாள். ஒவ்வொரு குத்துக்கும் ஒரு சத்தம். மகள் நிறுத்துகிற பட்டனை அமுக்கவில்லை. முழுவதும் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

திரை இருட்டானது.

"பொம்மைக்கே எந்திரிச்சு நிக்கற. ஞாயித்துக்கெழம நேர்ல வந்தா என்னம்மா பண்ணப்போற? துணிய மடிச்சுக் குடுப்பியா?"

அவள் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அன்றைக்கு ஊட்டவும் விடவில்லை. இடது கையாலேயே அள்ளிச் சாப்பிட்டாள்.

அவள் கட்டுப் பிரித்துக்கொண்டு வந்து தூங்கிய மத்தியானம் நான் தனியாக லேப்டாப்பைத் திறந்தேன். இங்கிலீஷ் எழுத்துத் தெரியாவிட்டாலும் எந்தப் படத்தை அமுக்கினால் எது வரும் என்று பழகியிருந்தது. இடது கையை நிறுத்துகிற பட்டன்மேல் வைத்தேன். கோட்டைக் கதவுக்கு முன்னால் சேமித்து வைத்திருந்தோம். பெரிய கதவு எதுவானாலும் அதற்கு முன்னால் சேமியுங்கள். கதவைத் திறந்தேன். சந்தனம் வைத்த முகம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினேன்.

வாள் அவன் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இறங்கியது. கண்ணைத் திறந்து பார்த்தபோது மண்டியிட்டிருந்தான். இன்னொன்று. முகம் மூலையிலிருந்து மறைந்துவிட்டது. கீழே வெறும் உடம்பு.

சேமித்த இடத்திலிருந்து மறுபடி திறந்தேன். இந்த முறை மந்திரவாதியை முன்னால் விட்டேன். நெருப்பு அந்த அறை முழுக்கப் பிடித்தது. அவனும் அவன் ஆட்களும் எரிந்துகொண்டே ஓடினார்கள். எங்கள் பூசாரியும் எரிந்தார். மூடிய அறைக்குள் நெருப்பு விடக்கூடாது என்று அப்போதுதான் கற்றேன். மறுபடி. வில்காரியைத் தூரத்தில் நிறுத்தி, அம்புக்குமேல் அம்பு. அவன் வந்துசேரவே இல்லை. மறுபடி. திருடனை நிழலில் ஒளித்து, சுவரோரமாக நடத்தி, முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் குத்தச் சொன்னேன். ஒரே குத்து. வாள்காரி நாலு வெட்டில் செய்கிற வேலை. திருடனைப் பற்றி என் எண்ணம் அன்றைக்குத்தான் மாறியது.

எத்தனை தடவை கொன்றேனோ தெரியாது. உலையில் போட்ட அரிசி குழைந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் பின்னால் மகள் நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"போதும்மா" என்றாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். சந்தோஷப்படவில்லை. துணி மடிக்கவும் இல்லை. கட்டுப் பிரித்த கையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். வெளுத்துச் செதில் செதிலாக, ஒரு நோயாளியின் கைபோல இளைத்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது. அதனால் அன்றைக்குப் பேசினதெல்லாம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் இருந்தேன். மாப்பிள்ளை வெள்ளைச் சட்டையில் வந்தார். கையிலிருந்த பையில் ஆப்பிள், இனிப்பு, மல்லிகைப்பூ. பெரியப்பா நாற்காலியில். அண்ணன் அவருக்குப் பக்கத்தில். மகள் சுவரோரம் நின்றாள்.

பெரியப்பாதான் ஆரம்பித்தார். "புருசம் பொண்டாட்டின்னா நாலும் இருக்குமுங்க. கோவத்துல கதவச் சாத்துனான். அதுல கை இருந்தத அவங் கண்டானா?"

"அதானுங்களே" என்றார் அண்ணன்.

"கண்டாரு" என்றாள் மகள். "கையப் புடிச்சு வெச்சுத்தான் சாத்துனாரு. ரெண்டு தடவ."

"பெரியவங்க பேசறப்பக் கம்முனு இரு புள்ள" என்றார் அண்ணன். பிறகு என் பக்கம் குரல் கொடுத்தார். "தண்ணி கொண்டா!"

பித்தளைச் சொம்பில் தண்ணீர் மொண்டு கதவோரம் வந்தேன். அண்ணன் வந்து வாங்கிக்கொள்வார், வழக்கம் அப்படி. அதற்குள் மாப்பிள்ளை எழுந்தார்.

"பேசுனதெல்லாம் போதும். கெளம்பு போலாம்" என்று சிரித்தபடி மகளின் கையைப் பிடித்தார். வலது கையை. மணிக்கட்டில். பிடித்துக் கொஞ்சம் திருகினார். உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது தெரிந்திருக்காது. பிரியமாகப் பிடித்த மாதிரிதான் இருக்கும். கதவோரத்திலிருந்து எனக்குத் தெரிந்தது. அவளுக்கு முழங்கால் மடங்கியது. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

நான் யோசிக்கவில்லை. நடுவீட்டைக் கடந்தேன். அவர் என்னைப் பார்த்தார். மரியாதைக்கு ஒதுங்கப் போனார் என்றுகூட நினைக்கிறேன். சொம்பைத் தண்ணீரோடு ஓங்கி அவர் நெற்றியில் அடித்தேன்.

திரையில் ஆள் விழுவான். இவர் விழவில்லை. அப்படியே நின்றார். தண்ணீர் முதலில் வழிந்தது, பிறகு தண்ணீரோடு ரத்தம், புருவத்திலிருந்து கண்ணுக்குள், மூக்கோரமாகச் சட்டைக்கு. மகளின் கையை விட்டுவிட்டார். அப்போதே நான் நிறுத்தியிருக்கலாம். காதோரமாக இன்னொன்று அடித்தேன். சொம்பின் கழுத்து ஒடுங்கியது. அவர் தரையில் உட்கார்ந்தார்.

அண்ணன் என் கொண்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். "பைத்தியம் புடிச்சிருச்சாடி உனக்கு!" தலை சுவரில் மோதியது. மகள் அவர் கையைப் பல்லால் கடித்தாள். பெரியப்பா எழுந்து நின்று கத்தினார்.

"பைத்தியக்காரக் குடும்பத்துல பொண்ணெடுத்துப்போட்டமே! இனி இவ எங்கூட்டு வாசப்படி மிதிக்கக்கூடாது. சொல்லிப்போட்டேன்!"

"ஏனுங், கோவத்துல அப்படிச் சொல்லாதீங்க. அந்த வார்த்தைய வாபஸ் வாங்கிக்கங்க" என்று அண்ணன் அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினார்.

"மாமா" என்றாள் மகள். வாயில் ரத்தம், அவருடையதா அவளுடையதா தெரியவில்லை. "பெரியவங்க பேசறப்பக் கம்முனு இருங்க. அவரு சொன்னது சொன்னபடியே இருக்கட்டும்."

மாப்பிள்ளைக்குப் புருவத்தில் தையல் போட்டார்கள். அவர்கள் புகார் கொடுத்தார்கள். அடுத்த நாள் பக்கத்து ஊர் மகளிர் காவல் நிலையத்துக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். அண்ணனும் வந்தார், வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொண்டே. அங்கே ஏகப்பட்ட பேர். மேசைக்குப் பின்னால் இருந்த இன்ஸ்பெக்டர் அம்மா கேட்டார்.

"யாரு அடிச்சது?"

"கை தவறிச் சொம்பு பட்டுப்போச்சுங்க மேடம். வயசானவங்க" என்றார் அண்ணன்.

"கை தவறலீங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அந்த அம்மா காதை நீட்டினார். மறுபடி சொன்னேன். "நாந்தானுங்க அடிச்சேன். ரெண்டு தடவ. மொத தடவ அவரப் புள்ள கைய உட வெக்கறதுக்கு. ரெண்டாவது தடவ..."

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். மகளின் கையைக் காட்டச் சொன்னார். எக்ஸ்ரே இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. "நீயும் புகார் எழுதும்மா" என்றார். மகள் உட்கார்ந்து, அந்த இளைத்த கையாலேயே எழுதினாள். ஒரு வரி எழுதுவாள், கையை உதறுவாள், அடுத்த வரி. அண்ணன் வெளியே போய் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

இரண்டு வழக்கும் நடக்கிறது. என்மேல் ஒன்று, அவர்மேல் ஒன்று. என்னை என்ன செய்வார்களோ தெரியாது. வக்கீல் ஒன்றும் ஆகாது என்கிறார். ஆட்டத்தில் மாதிரி சேமித்த இடத்துக்குத் திரும்பிப்போய் ஒரு அடியோடு நிறுத்த முடியுமா என்று மகள் ஒரு நாள் கேட்டாள். முடிந்தாலும் இரண்டாவதையும் அடிப்பேன் என்றேன். அது சரியான பதிலா என்று எனக்குத் தெரியவில்லை. கொள்ளைக்காரன் படத்தை மட்டும் அவள் எடுத்துவிட்டுப் பழைய படத்தையே வைத்துவிட்டாள். மீதி ஆட்டத்தை அதோடுதான் ஆடி முடித்தோம். நிஜ முகம் வைத்து ஆடாதீர்கள், தூக்கத்தில் வருகிறது.

அன்றைக்குக் காவல் நிலையத்திலிருந்து பஸ் ஏறியபோது உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கண்டக்டர் நெருக்கிக்கொண்டு வந்து, "எங்கீங்கம்மா?" என்று என்னைக் கேட்டார். இத்தனை நாளாக மகளைப் பஸ் ஏற்றிவிட்டு நான் தனியாக வீடு திரும்பித்தான் பழக்கம். ஆட்டையாம்பட்டிக்கு ஒரு டிக்கெட் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஆட்டையாம்பட்டி ரெண்டு" என்றாள் மகள்.